அண்ணியின் பெட்டிக்குக் கரண்ட் வேண்டாம்

எங்கள் அண்ணியை இந்த ஊரில் பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. மின்சார அலுவலகத்தின் புகார் எண்ணுக்கு யார் போன் போட்டாலும் எடுப்பது பெரும்பாலும் அவர்தான். பதினொரு வருஷமாக அதே நாற்காலி, காதில் அதே ஹெட்போன். கரண்ட் போனால் மனிதர்கள் வாயிலிருந்து என்னென்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "உங்க சர்வீஸ் நம்பர் சொல்லுங்க சார்" என்பார். குரலில் ஒரு சுளிப்பு இருக்காது. நானாக இருந்தால் முதல் நாளே ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

நான் அவருடைய கொழுந்தன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடையில் துணி வெட்டுவது என் வேலை. தெருவில் என் பெயர் ரேடியோ. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே விளங்கிவிடும். அண்ணன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பத்து நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அதனால் அண்ணி புதிதாக எதையாவது தொடங்கினால் கிண்டல் செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தப் பொறுப்பில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அந்த ஃப்ரீசர், இழுத்து மூடிவிட்ட ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்தது. மேல் மூடியைத் தூக்கித் திறக்கிற நீளப் பெட்டி. நான் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரியது. ஷிப்ட் வேலையில் தினம் சமைக்க முடியாது என்று, வார லீவு அன்று மொத்தமாகச் சமைத்து டப்பா டப்பாவாக உறைய வைப்பார். ஒரு முறை பதினாறு மணி நேரம் கரண்ட் வரவில்லை. அன்று முழுக்க ஊர் மொத்தமும் போனில் அவரைத் திட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் ஒரு வாரச் சாப்பாடும் கெட்டு நாறுகிறது. பதினொரு டப்பாவை வரிசையாகக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே சிரித்தார்.

"இதுக்குப் புகார் கொடுக்கணும்னா நான் எனக்கேதான் போன் பண்ணணும் தம்பி."

அடுத்த மாதமே மொட்டை மாடியில் நாலு சோலார் பேனல் ஏறின. அலுவலகத்தில் சும்மா விடுவார்களா? "கரண்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறவளே கரண்டை நம்பல" என்று ஓட்டியிருக்கிறார்கள். "உள்ள உக்காந்து பாத்தவதானே, அதான் நம்பல" என்றாராம்.

வெயில் இருக்கும்போது பெட்டி ஓடும், சரி. ராத்திரிக்கு? எல்லாரும் பெரிய பேட்டரி வை என்றார்கள். அதற்கு வசதியில்லை. அண்ணி இரண்டு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு எதுக்கு கரண்டைச் சேத்து வெக்கணும்? எனக்கு வேண்டியது குளிர்தானே? குளிரையே சேத்து வெச்சுக்கறேன்."

தண்ணீர் பாட்டில்களை அடுக்கினார். பகலில் உறையும், ராத்திரி அந்தக் குளிர் பெட்டியைக் காக்கும். நல்ல யோசனைதான். ஆனால் காலையில் பார்த்தால் பாட்டிலில் ஐஸ் இருக்கிறது, சாப்பாடு கொழகொழவென்று இருக்கிறது. வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரியில் நின்றுவிடும். சாப்பாடு கல்லாக இருக்க அதற்கும் கீழே போக வேண்டும். உப்பு போட்டால் இன்னும் கீழே உறையும் என்று எங்கோ படித்தார். படித்ததோடு நின்றிருக்கலாம். உப்பு போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் ரொம்ப நல்லது என்று மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டார். அது உறையவே இல்லை. இரண்டு வாரம் எங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள் நாற்பது பாட்டில் உப்புத் தண்ணீர் தளும்பிக்கொண்டு கிடந்தது.

"கடல் வளக்கறீங்களா அண்ணி? மீன் எப்ப விடப்போறீங்க?" என்று நான் தினமும் கேட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வொரு அளவு உப்பு போட்டு, என் கடைச் சாக்குக்கட்டியால் எண் எழுதி, எது எப்போது உறைகிறது, எது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று இரண்டு மாதம் பார்த்தார். லிட்டருக்கு ஆறு கரண்டி. அதுதான் கணக்கு. பெட்டிக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்.

ஒரே ஒரு பழைய சின்ன பேட்டரி மட்டும் இன்வெர்ட்டரோடு இருந்தது. கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடிக்கு நிறைய கரண்ட் வேண்டும். பேனல் மட்டும் அதைக் கொடுக்காது. கிளம்பிவிட்டால் கொஞ்ச வெயிலே போதும். "இது வண்டியை ஓட்டறதுக்கு இல்ல, தள்ளி விடறதுக்கு" என்பார். ஆகவே வீட்டில் மூன்று சட்டம். பெட்டி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் திறக்கும். என்ன எடுக்கப் போகிறோம் என்று யோசித்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். அந்த இன்வெர்ட்டரில் வேறு எதையும் சொருகக் கூடாது.

இரண்டு வருஷம் ஒரு டப்பா கெடவில்லை. கிண்டல் செய்த என் வாயே பிறகு பெருமையடிக்க ஆரம்பித்தது. கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர், டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவர், யாரையும் விட்டதில்லை. "எங்க அண்ணி பெட்டிக்குக் கரண்டே வேண்டாம்" என்று தொடங்கி உப்புக் கணக்கு வரைக்கும் போய்த்தான் நிற்பேன்.

பிறகு அண்ணிக்குப் பாப்பா பிறந்தாள். இரண்டு மாதம் முன்னதாகவே. என் வெட்டுக் கத்தரிக்கோல் இரண்டைத் தராசில் வைத்தால் என்ன எடை வருமோ அந்த எடை. ஆஸ்பத்திரியில் சின்னக் குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் ட்யூப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு முறை பவுடர் பால் கொடுத்துப் பார்த்ததில் வயிறு உப்பி, இரண்டு நாள் ஒன்றுமே கொடுக்க முடியாமல் போயிற்று. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இப்போதைக்குத் தாய்ப்பால் மட்டும்தான்.

அண்ணி வீட்டில் பால் எடுத்து, மூடி போட்ட சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, தன் பெட்டியில் உறைய வைத்தார். தேவைக்கு மேலேயே சேர்ந்தது. மூன்றாவது வாரம் அவருக்குக் கடும் ஜுரம். ஜுரத்தோடு வார்டுக்குள் விடமாட்டார்கள். பாலும் வற்றிப்போய்விட்டது, ஜுரம் விட்டால் திரும்பச் சுரக்கும் என்றார்கள். அதுவரைக்கும் பெட்டியில் இருந்த எண்பத்து நாலு கிண்ணம்தான் பாப்பாவுக்குச் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஏழு. தினம் மத்தியானம் நான்தான் ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவேன்.

அந்த வாரம்தான் புயல் அடித்தது. காலையிலேயே கரண்ட் போயிற்று. மத்தியானம் நான் தண்ணீரில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மட்டும் ஒன்பது கம்பம் சாய்ந்து கிடந்தது. அண்ணன் லாரியோடு எங்கோ பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர், குழந்தைகள் படுத்திருக்கும் மெஷின்களுக்கு மட்டும் போதுமாக இருந்தது. வார்டு ஃப்ரீசரை அணைத்துவிட்டார்கள்.

வார்டு சிஸ்டர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "உங்க அண்ணி பெட்டிக்குக் கரண்டே வேண்டாம்னு சொன்னீங்களே, நிஜமா?"

அவரிடமும் சொல்லியிருக்கிறேன். வாய் சும்மா இருந்தால்தானே.

இன்னும் நாலு குழந்தைகளுக்கு அவரவர் அம்மா எடுத்துக் கொடுத்த பால் உருகத் தயாராக இருந்தது. அதையும் அண்ணி பெட்டியில் வைக்க முடியுமா என்பது கேள்வி. ஊருக்கெல்லாம் இடம் கொடுத்து எங்கள் பாப்பாவின் பால் கெட்டால்? கேட்டுச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். அண்ணி கண்டிப்பாக வேண்டாம் என்பார், பழியை அவர் மேல் போட்டுவிடலாம் என்பதுதான் என் எண்ணம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அண்ணி கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். "கல்லு மாதிரி இருக்கா, இல்ல மெத்துன்னு ஆயிடுச்சா?"

"கல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா அண்ணி, நம்ம பால்..."

"கல்லா இருக்கறதை மட்டும் எடுத்துட்டு வா. காலிப் பெட்டிதான் சீக்கிரம் சூடாகும். உறைஞ்சது எவ்வளவு நெறஞ்சிருக்கோ அவ்வளவு நேரம் தாங்கும். இது நமக்கும் நல்லதுதான்." கம்பளியை இழுத்துக்கொண்டே, "நல்லதா இல்லாட்டியும் கொண்டு வரச் சொல்லியிருப்பேன். ஓடு" என்றார்.

ஓடினேன். கிண்ணங்கள் மாறிவிடக் கூடாதே என்று, சிஸ்டர் ஒட்டிய சீட்டுகளுக்கு மேலே, கடையில் பொத்தான் தைக்கிற நூலை நிறம் நிறமாகச் சுற்றினேன். எங்கள் பாப்பா சிவப்பு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரின் மகன் பச்சை. மற்ற மூன்றும் நீலம், மஞ்சள், கறுப்பு. அடுக்கி மூடியபோது பெட்டி மைனஸ் பதினாறில் இருந்தது. தெர்மாமீட்டரில் மைனஸ் ஐந்துக்கு நேராக அண்ணி சிவப்புக் கோடு போட்டிருந்தார். அதைத் தாண்டினால் பாலை நம்ப முடியாது. நாலு பக்கமும் மெத்தை, போர்வை, என் கடையில் மிஞ்சிய கம்பளித் துண்டு எல்லாவற்றையும் சுற்றினோம்.

இரண்டாம் நாள் வானம் மொத்தமாகக் கறுத்துவிட்டது. பேனலில் ஒரு பொட்டு கரண்ட் இல்லை. பெட்டி ஓடவில்லை, பாட்டில்களை நம்பித்தான் கிடந்தது. மைனஸ் பன்னிரண்டு. வாசலில் தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். பாதிப் பேர், "உங்க ஆபீஸ்ல சொல்லி லைன் எப்ப வரும்னு கேளுங்களேன்" என்று லீவில் ஜுரத்தோடு படுத்திருப்பவரிடம் புகார் கொடுக்க வந்தவர்கள். மீதிப் பேர் என்னிடம் வந்தவர்கள்.

"ரேடியோ, உங்க வீட்ல மட்டும் கரண்ட் இருக்காமே?"

அந்தக் கேள்வியில் என் நெஞ்சு அரை அடி விரிந்தது. அண்ணி மாத்திரை போட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டரில் ஒரு எக்ஸ்டென்ஷன் பலகையைச் சொருகினேன். அதில் இன்னொரு பலகை. இருபத்தேழு போன். எண்ணி எண்ணி, யாருடையது எது என்று நூல் கட்டி, ராஜா மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். இது அண்ணி கண்டுபிடித்தது, உப்பு எவ்வளவு தெரியுமா என்று கதை வேறு. சாயங்காலம் டவரும் விழுந்தது. முழுதாகச் சார்ஜ் ஏறிய இருபத்தேழு போனில் ஒன்றில்கூடப் பேச முடியவில்லை. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. வெயில் வந்தால் தானாக ஏறிவிடும் என்று பலகைகளைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாளும் மழை. தினம் மத்தியானம் அஞ்சு பேருக்கும் பால் எடுக்க ஒரே ஒரு முறைதான் மூடியைத் திறந்தோம். மைனஸ் ஒன்பது. நாலாம் நாள் காலையில் மைனஸ் ஏழு. அண்ணி தெர்மாமீட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேகம் கொஞ்சம் வெளுத்தது. வெயில் என்று சொல்ல முடியாது. துணி வழியாகத் தெரிகிற வெளிச்சம் மாதிரி. ஆனால் பேனலில் கரண்ட் வந்தது.

"போதும். ஓடறதுக்கு இது போதும்" என்று எழுந்தார் அண்ணி. பெட்டி ஓடினால் பக்கவாட்டில் சூடு வெளியே வர வேண்டும், போர்வைகளை உருவினோம். சுவிட்சைப் போட்டார்.

டொக். அவ்வளவுதான். நின்றுவிட்டது.

மறுபடி போட்டார். டொக்.

"ஏன் ஓடல?" என்றேன் நான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

அண்ணி மெதுவாகத் திரும்பினார். பதினொரு வருஷம் புகார் கேட்ட காது அது. தன் வேலிக்குத் திருட்டுக் கொக்கி போட்டு லைனைக் கெடுத்தவன்தான் முதல் ஆளாகப் போன் போட்டு ஏன் கரண்ட் இல்லை என்று கேட்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் மாறவே இல்லை.

"உங்க சர்வீஸ் நம்பர் சொல்லுங்க சார்."

இருபத்தேழு போனையும் ஒப்புக்கொண்டேன். அடித்திருந்தால் தேவலை. அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. பெட்டியின் மூடி மேல் கையை வைத்தார். உள்ளே அஞ்சு குழந்தைகளின் பால்.

"அழுவறதுன்னா அப்புறம் அழு. இந்தப் பக்கத்துல நல்ல பேட்டரி எங்க இருக்கு? அதை யோசி."

வேன்காரர்! பச்சை நூல் அப்பா. இரண்டு தெரு தள்ளி அவருடைய வேன் சக்கரம் முழுகி நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது, ஆனால் பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில் உயரத்தில் இருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் போய் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள் அவர் ஸ்பானரை எடுத்துவிட்டார். அந்தக் கனத்தைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வந்தோம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும்போது மைனஸ் ஆறு. அண்ணி ஒயர்களைச் சீவித் தயாராக வைத்திருந்தார். உட்கார்ந்தபடியே, எது எதில் மாட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல நாங்கள் மாட்டினோம். வேன்காரர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்.

டொக். ம்ம்ம்ம்ம்ம்.

அந்தச் சத்தத்தைவிட இனிமையான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

"பழைய பேட்டரி எப்படிம்மா போச்சு?" என்று வேன்காரர் கேட்டார்.

"அதுக்கு வயசாயிடுச்சு அண்ணே" என்றார் அண்ணி, என் பக்கம் திரும்பாமலே.

என்னால் பொறுக்க முடியவில்லை. "வயசு இல்ல. நான்தான். தெரு போன் எல்லாத்துக்கும் சார்ஜ் போட்டு வடிச்சுட்டேன்."

வேன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். அதில் என் கடை நூல் இன்னும் கட்டியபடியே இருந்தது. "அப்ப நானும்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெளிச்சம் மங்கும்வரை ஐந்து மணி நேரம் பெட்டி ஓடியது. மைனஸ் ஒன்பது. மறுநாள் வானம் கழுவிவிட்டாற்போல் வெயில் வந்தது. சாயங்காலத்துக்குள் பாட்டில்கள் எல்லாம் மறுபடி கல்லாகிவிட்டன. தெருவுக்குக் கரண்ட் வந்தது அதற்கும் இரண்டு நாள் கழித்து.

அந்த வெயில் வந்த நாள் மத்தியானம் அஞ்சு நிறக் கிண்ணங்களோடு வார்டுக்குப் போனேன். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கல். "புயல் அடிச்ச நாள்லேர்ந்து இந்த அஞ்சு பேருக்கும் ஒரு வேளைகூடத் தப்பல" என்றார். பிறகு, "சித்தப்பாதானே? சோப்பு போட்டுக் கை கழுவிட்டு உள்ள வாங்க" என்றார்.

உள்ளே போனேன். உருக வைத்த பாலை ஊசியில்லாத சிரிஞ்சில் ஊற்றி, ட்யூபில் மாட்டி, என் கையில் கொடுத்தார். தூக்கிப் பிடித்தால் போதும், தானாக இறங்கும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பால் கோடு கோடாக இறங்கி, மெல்லிய ட்யூபுக்குள் நுழைந்து, அந்தச் சின்ன மூக்குக்குள் போயிற்று. பாப்பா தூக்கத்தில் சப்புக்கொட்டினாள். எங்கள் அண்ணி உப்பும் வெயிலும் வைத்துக் காப்பாற்றிய பால் அது என்று அந்த வார்டில் இருந்த எல்லாருக்கும் கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சிரிஞ்ச் ஆடிவிடுமே என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். ஒன்பது நாளாக மகளைப் பார்க்காதவர்.

"எவ்வளவு எடுத்துக்கிட்டா?"

"பதினாறு மில்லி."

"மிச்சம் வெச்சாளா?"

"ஒரு சொட்டு இல்ல. வயிறு உப்பல, வாந்தி எடுக்கல. எடை தொண்ணூறு கிராம் கூடியிருக்காம்."

அண்ணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை சொல்லு தம்பி."

முதலிலிருந்து சொன்னேன். அண்ணி அழவில்லை, சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடியும் சொல்லச் சொன்னார்.